நெட்டை யார் இழுக்கிறது?

சங்கவி முதலில் சந்தேகப்பட்டது அண்ணனை.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. ரூட்டரைக் கடையிலிருந்து தூக்கி வந்தவன் பிரணவ். சுவரில் மாட்டியவனும் அவன். எல்லாருடைய போனையும் வாங்கித் தன் கையாலேயே கடவுச்சொல்லைத் தட்டிக்கொடுத்தவனும் அவன்தான். அந்தப் பெட்டி வந்த பிறகு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறையில் அவள் கணக்கு வகுப்பைத் திறந்தால், டீச்சர் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே உறைந்துபோனாள். வெளியே ஹாலில் அப்பாவின் டிவி ஓடும். மாடியில் அண்ணனின் மீட்டிங் ஓடும். கீழே தையல் மெஷின்கள் ஓடும். டீச்சர் மட்டும் ஓடமாட்டாள்.

யாரோ வேண்டுமென்றே அறுக்கிறார்கள் என்று சங்கவி முடிவுகட்டினாள்.

வாங்கப் போன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. திருப்பூருக்கு வடக்கே, பனியன் கம்பெனிகளின் தகரக் கூரைகளுக்கு நடுவில் அவர்கள் வீடு. சுற்றிலும் தகரம் என்பதால் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. பேசுவதென்றால்கூட வைஃபை வேண்டும். அப்பா குப்புராஜ் கீழ்த்தளத்தில் மெஷின் போட்டு, கம்பெனி கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கிறார். அந்தக் காலத்து மெஷின் இல்லை. ஒவ்வொரு தையலையும் நெட் வழியாகக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே தைக்கும் மெஷின். நெட் நின்றால் கம்பெனி கணக்கில் தையல் நின்றது. பழைய ரூட்டர் அடிக்கடி மயங்கி விழுந்து, ஒரு நாள் தைத்த பீஸெல்லாம் தைக்காததாக ஆகிப்போனது. அதற்குப் பிறகுதான் குடும்பமே கிளம்பிக் கடைக்குப் போனது.

கடையில் டெல்பின் என்று ஒரு பெண். சத்தமாகப் பேசுவாள். கழுத்தில் ஸ்க்ரூ டிரைவர் தொங்கும்.

"மொதல்ல வீட்ல என்னென்ன சாமான் நெட்டுல இருக்குன்னு சொல்லுங்க. அதப் பொறுத்துத்தான் பொட்டி."

அப்பா மெஷின்களில் ஆரம்பித்தார். டிவி, தன் பிபி வாட்ச், வாசல் கேமரா என்று விரலை மடக்கினார். அண்ணன் தன் இரண்டு கம்ப்யூட்டரையும் பெரிய திரையையும் சொன்னான். அம்மா ருக்குமணி, "பிரிட்ஜு, வாஷிங் மெஷினு, அப்புறம் தண்ணி மோட்டாரு. அதும் இப்பெல்லாம் நெட்டக் கேக்குது" என்றாள். சங்கவியின் போனை யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் பற்றி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

டெல்பின் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். "இது சாதா. எல்லாத்துக்கும் சமமாப் பிரிச்சுக் குடுக்கும். கூட்டம் சேந்துட்டா எல்லாரும் சேந்து தவிக்கணும். இது 'இணக்கம்'. இது அவசரம் பாத்துப் பரிமாறும். வேண்டியதுக்கு நிக்கவே நிக்காது."

"எது அவசரம்னு அதுக்கு எப்படி தெரியும்?" என்றான் அண்ணன்.

"அதுவாத் தெரிஞ்சுக்கும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நாள் பேசாம வீட்டப் பாத்துட்டே இருக்கும். அப்புறம் சண்டையே வராது."

"பேசாமப் பாத்துட்டே இருக்குமா?" என்றாள் அம்மா. "பொண்ணு பாக்க வந்த சம்பந்தி மாதிரியல்ல சொல்றீங்!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா, "நிக்காம ஓடுனாப் போதுமுங். அதையே குடுங்" என்றார்.

அது உண்மையிலேயே நிற்காமல் ஓடியது. மெஷின் கணக்கு ஒன்றுகூட விடுபடவில்லை. அண்ணனின் மீட்டிங்கில் மேலதிகாரியின் மூக்கு மயிர்வரை தெரிந்தது. "நம்பிக்கையான பொட்டி" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அதை நம்பாதவள் வீட்டில் ஒருத்திதான்.

அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், வகுப்பு ரகசியம். சங்கவி பத்தாவது பாதியில் படிப்பை நிறுத்தியவள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட சமயம். தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்ட ஆள் இல்லை. அண்ணனுக்குக் கல்லூரி. அப்பா சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எனக்குப் படிப்பு ஏறலீங்ப்பா. நான் நின்னுக்கறேன்" என்று அவளாகச் சொன்னாள். யாராவது இன்னொரு தடவை கேட்பார்கள் என்று அன்று பூராவும் காத்திருந்தாள். கேட்கவில்லை.

இப்போது திறந்தநிலைப் பள்ளியில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்திருந்தாள். தேர்வையும் வீட்டிலிருந்தே போனில் எழுதலாம். கேமரா திறந்திருக்க வேண்டும். இணைப்பு மூன்று முறை அறுந்தால் தாள் மூடிக்கொள்ளும். மாதிரித் தேர்வில் அவளுக்கு மூன்று கேள்விகூடத் தாண்டாமல் மூடிக்கொண்டது. நிஜத் தேர்வு திங்கட்கிழமை. அன்றும் இப்படியே ஆனால் இன்னொரு வருஷம் பிசிறு வெட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எழுதிப் பாஸானால் சொல்லிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் யாரும் சிரிக்க வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

அண்ணன்மீது இருந்த சந்தேகம் ஒரு நாள் தளர்ந்தது. அவன் கோயமுத்தூர் போயிருந்தான். அன்றும் டீச்சர் உறைந்தாள்.

அடுத்தது அப்பா. "அம்முணி, ரூமுக்குள்ளயே என்ன பண்ற?" என்று அவர் இரண்டு தடவை கேட்டிருந்தார். வழக்கமாக அவர் கேட்கிற ஆள் இல்லை. வாசலில் நின்று யாரிடமோ, "பொண்ணு நம்ம கைக்குள்ளதானுங் இருக்குது" என்று பேசியதும் அவள் காதில் விழுந்தது. போனில் எவனோடோ பேசுகிறாள் என்று நினைத்து நெட்டை அறுக்கிறாரோ? ஆனால் அப்பாவுக்கு வாட்சில் மணி பார்ப்பதற்கே அண்ணன் வேண்டும்.

மிச்சம் அம்மா.

அம்மாவைச் சந்தேகப்பட அவளுக்குப் பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டாளே, என்ன செய்வது? வகுப்பு ஆரம்பிக்கிற நேரத்துக்கு அறையின் திரைச்சீலைக்கு அடியில் இரண்டு பாதங்கள் வந்து நிற்கும். பொறுமையாகச் சாய்ந்து பார்த்தால், கையில் போனை வைத்துக்கொண்டு அம்மா எதையோ அழுத்துவாள். அழுத்திவிட்டுச் சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்புவாள். ஒரு நாள் இல்லை, வகுப்பு இருக்கிற எல்லா நாளும். அம்மா அழுத்திய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் டீச்சர் உறைவாள்.

அம்மாவிடம் நேரே கேட்கலாமா என்று ஒரு மத்தியானம் அடுப்படிக்குப் போனாள். அம்மா எல்லாரும் சாப்பிட்டு முடித்த பாத்திரங்களை வழித்து, தனக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்ற சித்தி போனே பண்றதில்ல பாத்தயா?" என்றாள் அம்மா, இவளைப் பார்க்காமலே. "தாராவரத்துல காதுகுத்துக்குப் போய்ட்டுப் பந்தில உக்காராமப் பாதில வந்துட்டனல்லோ. லோடு ஏத்தணும்னு உங்கப்பா கூப்புட்டுட்டாரு. அந்தக் கோவம் அவளுக்கு. நாங் கூப்புட்டா எடுக்கறதும் இல்ல."

"கொஞ்ச நாளானா சரியாயிருமுங்ம்மா."

"கூடப் பொறந்தவ. தெனம் பேசுனவ."

சங்கவி கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பினாள். சித்தியின் கோபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, பெற்ற மகளின் நெட்டை எப்படி அறுக்க முடிகிறது அம்மாவால் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை அவள் ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிசிறு வெட்டும் கத்தரி மழுங்கிப்போச்சு, புதுசு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு டெல்பினின் கடைக்குப் போனாள்.

கடையில் வேறு யாரும் இல்லாதது அவளுக்குப் பெரிய உதவி. என்றாலும் முதல் வார்த்தை வருவதற்குள் டெல்பின் ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டாள்.

"அக்கா, எங்க வீட்ல யாரோ என் போனுக்கு மட்டும் நெட்ட அறுக்கறாங்க. யாருன்னு பாக்க முடியுமா?"

"ஓஹோ. யாரு மேல டவுட்டு?"

"எல்லார் மேலயும்."

டெல்பின் சிரித்துவிட்டு, ஸ்டிக்கரில் இருந்த எண்ணைத் தன் டேப்லெட்டில் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு படம் விரிந்தது. நடுவில் ரூட்டர், ஒரு விளக்கு மாதிரி. சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள்.

"நடுவுக்குக் கிட்ட இருக்கறது மொதல் பந்தி. தள்ளித் தள்ளிப் போனா அடுத்த பந்தி. இதோ மெஷினுங்க. இது உங்கண்ணன். இது உங்கப்பா டிவி. இந்தா, நீ இங்க இருக்க."

சங்கவியின் பொட்டு விளிம்போரமாக, வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பக்கத்தில் இருந்தது.

"என்னைய மனுஷங்க பக்கமல்ல வச்சிருக்கணும்?"

"அதுக்கு மனுஷன், மெஷின்லாம் தெரியாது. யாரும் உன்ன அறுக்கலம்மா. எல்லாரும் சாப்புட்டு மிச்சம் இருந்தாத்தான் உனக்கு. சாயங்காலம் மிச்சம் இருக்காது, அவ்ளோதான்."

"யார் இங்க வச்சாங்க?"

டெல்பின் பதிலுக்குக் கேட்டாள். "நெட் ஸ்லோ ஆச்சுன்னா உங்க வீட்ல என்ன நடக்கும்?"

"அண்ணன் கத்துவான். 'நெட்ட யாரு இழுக்கறா'ன்னு. பொட்டி வந்த புதுசுலயும் கத்துனான்."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"நிறுத்திருவேன்."

"ஒடனேயா?"

"அவன் கத்தி முடிக்கறதுக்குள்ள."

"அதான். இந்தப் பொட்டிக்குக் கத்தறது கேக்காது. ரெண்டு பேரு ஒரே நேரத்துல இழுக்கும்போது யாரு மொதல்ல கைய எடுக்கறாங்கன்னு மட்டும் பாக்கும். எடுத்தவங்களுக்கு அவசரம் இல்லன்னு வச்சுக்கும். தெனம் நீயே எடுத்தா? இவ காத்திருப்பா, இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தள்ளி வச்சிரும். உங்க வீட்டு பிரிட்ஜப் பாரு, எவன் கத்துனாலும் தனக்கு வேண்டியத எடுத்துக்குது. அதனால உனக்கு மேல ஒக்காந்திருக்கு."

சங்கவி தன் கையைப் பார்த்தாள். எத்தனை பேர்மீது பழி போட்டாயிற்று! கடைசியில் அறுத்த கை இந்தக் கையா?

"கையால மாத்த முடியாதா, அக்கா?"

"உங்கண்ணன் போன்லருந்து மாத்தலாம். எல்லார் போனுக்கும் தகவல் போவும். ஆனா வீட்டுல நடப்பு மாறலன்னா நாலு நாள்ல மறுபடி பழைய எடத்துக்கே கொண்டு வந்து வச்சிரும். அத ஏமாத்த முடியாது." டெல்பின் டேப்லெட்டை மூடினாள். அந்தப் படத்தைச் சங்கவியின் போனிலும் பார்க்கிற மாதிரி செய்து கொடுத்தாள். "நீ கைய எடுக்காத. அது ஒண்ணுதான் வழி."

திரும்பி வரும்போது கத்தரி வாங்க மறந்துபோனாள்.

அன்று சாயங்காலம் வகுப்பைத் திறந்தாள். மெஷின், டிவி, அண்ணன், எல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். டீச்சர் திக்கித் திக்கிப் பேசினாள். இவள் மூடவில்லை, திரும்பத் திரும்பத் திறந்துகொண்டே இருந்தாள். மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"நெட்ட யாரு இழுக்கறது?"

அவள் விரல் தானாகவே போனை நோக்கிப் போனது. அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"யாருன்னு கேக்கறேன்ல!"

"நான்தான்." முதல் தடவை அவளுக்கே கேட்கவில்லை. "நான்தாண்ணா!"

பிரணவ் படியில் தடதடவென்று இறங்கி வந்து திரையை விலக்கினான். "நீயா? நீ என்னத்தப் பண்ற?"

"கணக்கு."

"என்ன கணக்கு, பீஸ் கணக்கா?"

"பத்தாங்கிளாஸ் கணக்கு. திங்கக்கெழம பரீட்ச."

அண்ணனுக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார். அவர் தோளில் பனியன் துணியின் பஞ்சு ஒட்டியிருந்தது. "படிப்பு ஏறலைன்னு நீதான அம்முணி சொன்ன?"

"சொன்னேனுங்ப்பா."

"அப்பறம்?"

"அது பொய்யுங்ப்பா."

அப்பா துண்டை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஹாலுக்குப் போய் டிவியை அணைத்தார். பிரணவ்தான் விடவில்லை. "அப்ப இத்தன நாளா என்ற மீட்டிங்க மொடக்கினது நீதானா? ரகசியமாப் படிக்கறாளாம், பெரிய கலெக்டரு! மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? சரி, பெரிய ஸ்கிரீன நிறுத்தறேன். பெயிலானா நெட்டு மேல பழி போடாத, ஆமா."

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். எல்லாரும் ஆச்சரியப்பட்ட அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தில் மட்டும் ஆச்சரியம் இல்லை. சங்கவி அதைக் கவனித்தாள். அப்படியானால் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் திரைக்குப் பின்னால் நின்று எதை அழுத்தினாள்? பெட்டிமீது தப்பு இல்லை, தன்மீதுதான் தப்பு என்று தெரிந்த பிறகும் அந்த ஒரு முள் மட்டும் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மூன்று தடவை கத்தினான். மூன்று தடவையும் அவள் கையை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவன் கத்தியதில் பழைய வேகம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் தேர்வு. திறந்த கேமராவுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நடுவில் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தபோது திரை ஒரு தரம் சிமிட்டியது. அறுந்தது அவள் இணைப்பு இல்லை, மோட்டாருடையது. மேலே தொட்டி நிறையாமலே அது நின்றுபோனதை அண்ணன் பிறகு குளியலறைக்குள்ளிருந்து சத்தம் போட்டுச் சொன்னான். தாள் கடைசிக் கேள்விவரை திறந்தே இருந்தது. "உங்கள் விடைகள் பெறப்பட்டன" என்ற வரியை அவள் நான்கைந்து தடவை படித்தாள். அடுத்த தாள் வியாழக்கிழமை.

சந்தோஷத்தில் டெல்பின் கொடுத்த படத்தைத் திறந்து பார்த்தாள். அவள் பொட்டு நகர்ந்திருந்தது. வாஷிங் மெஷினைத் தாண்டி, பிரிட்ஜைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. முழு வீட்டையும் ஒரே பார்வையில் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டு விரல்களால் படத்தைக் குறுக்கினாள்.

படம் சுருங்கியபோது, அதுவரை திரைக்கு வெளியே இருந்த கறுப்பு இடம் உள்ளே வந்தது. மோட்டாருக்கு அப்பால், வாசல் காலிங் பெல்லுக்கும் அப்பால் ஒரு பொட்டு தன்னந்தனியாக இருந்தது. அதைத் தொட்டாள்.

ருக்குமணி.

அம்மா கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் படிக்கும்போது திரைக்குப் பின்னால வந்து நின்னு போன்ல எதை அமுத்துவீங்?"

அம்மா மாட்டிக்கொண்டவள் மாதிரி சிரித்தாள். "பாத்துட்டயா? என்ற போன அணைச்சுப் போடுவேன் கண்ணு. ஒண்ண அணைச்சா இன்னொண்ணுக்குக் கெடைக்குமல்லோ? மோட்டாருப் போடும்போது கிரைண்டர நிறுத்தறமே, அந்த மாதிரி."

"நான் படிக்கறது எப்பருந்து தெரியும்?"

"நீ வாயசைச்சுப் படிக்கறதப் பெத்தவளுக்குத் தெரியாதா? உனக்கே சொல்லத் தோணும்போது சொல்லுவேன்னு இருந்தேன்."

கடையில் சாமான்களை எண்ணியபோது தன் போனை யாரும் சொல்லவில்லை என்று மனசுக்குள் பொருமிக்கொண்டு வந்தாளே, அன்று அம்மாவின் போனை யார் சொன்னார்கள்? அவளே சொல்லவில்லையே.

"போன எடுங்ம்மா. சித்திக்குப் போடுங்."

"அவ எடுக்கமாட்டா."

"போடுங்."

அம்மா உள்ளே வந்து போனை உயிர்ப்பித்து, தங்கை பெயரைத் தொட்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே மெஷின்கள் தடதடத்தன. மாடியில் அண்ணன் இங்கிலீஷில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவின் அழைப்பு வீட்டைத் தாண்டவே இல்லை. வந்த அழைப்புகளும் அப்படித்தானே வாசலில் நின்றிருக்கும்?

"சொன்னனல்லோ. விடு கண்ணு, அவங்க வேலையப் பாக்கட்டும்." அம்மாவின் கட்டைவிரல் பக்கவாட்டுப் பொத்தானுக்குப் போனது.

சங்கவி இதுவரை அந்த வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. எப்படிக் கத்துவது என்று அவளுக்கு ஒரு வழிதான் தெரியும். மாடிப்படியின் அடியில் போய் நின்று, அண்ணன் கத்துகிற மாதிரியே கத்தினாள்.

"நெட்ட யாரு இழுக்கறது? அம்மா பேசணும்!"

மாடியில் சிரிப்பு நின்றது. கீழே ஒரு மெஷின் நின்றது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன. "என்ன அம்முணி ஆச்சு?" என்று அப்பாவின் குரல் கேட்டது. அவள் அம்மாவிடம் திரும்பி வந்தாள். தன் போனையும் அணைக்கவில்லை.

அம்மாவின் கையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. அப்புறம் நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. சித்தியின் தவறிய அழைப்புகள், சித்தியின் குரல் பதிவுகள், இத்தனை நாளும் வெளியே நின்றவை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன. அம்மா பயந்துபோய் எதையோ தொட, சித்தியின் குரல் கூடத்தில் கேட்டது.

"அக்கா, எத்தன தடவ கூப்புடறது? எடுக்கவே மாட்டீங்கற. பந்தில கூட உக்காராமப் போனயே, எம்மேல அப்படி என்னக்கா கோவம்?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மாடியிலிருந்து பிரணவ் கேட்டான்.

"இதோ, அவ்வளவுதான் சாமி..." என்று அம்மாவின் விரல் பழக்கத்தில் மறுபடியும் பொத்தானுக்குப் போனது. சங்கவி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

சுவரில் பெட்டியின் பச்சை விளக்கு ஆடாமல் எரிந்தது. யார் முதலில் கையை எடுக்கிறார்கள் என்று அது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.